சீப்பு நின்றால் தலை

எங்கள் பள்ளிக்கூடத்தில் முடி வெட்டச் சொல்லித் தருகிற வகுப்பு ஒன்று உண்டு. தச்சுப் பட்டறைக்கும் சமையல் வகுப்புக்கும் நடுவில் ஒரு நீள அறை. சுவரோடு கண்ணாடிகள், சுழல் நாற்காலிகள், மூலையில் தலை அலசுகிற தொட்டி. நான் இதைத் தேர்ந்தெடுத்தபோது, படிப்பு ஏறாததால் போனேன் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்குக் கணக்கு நன்றாகவே வரும். ஒருவர் தலையைத் தொட்டுக்கொண்டு நிற்கிற வேலை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் வருஷம் முழுக்க நான் தொட்டதென்னவோ அத்தையின் தலையைத்தான். அத்தை என்றால் பொம்மைத் தலை. மேசை விளிம்பில் திருகு போட்டு மாட்டியிருக்கும். கல்யாண வீட்டில் யாரும் கவனிக்காத ஆள் மாதிரி எந்நேரமும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பதால் அந்தப் பெயர். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் தலையில் ஒருவர் பழகினார்கள். வகுப்பில் ஆட்கள் ஒற்றைப்படை. மிஞ்சியது நான். சண்டையெல்லாம் இல்லை; என்னைச் சேர்த்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

வீட்டிலும் பேச ஆளில்லை. அம்மா இறந்த பிறகு அப்பா வாயைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டார். டயர் கடையிலிருந்து வருவார், கை கழுவுவார், "சாப்டியா?" என்பார். "சாப்டேன்" என்பேன். அன்றைய பேச்சு அத்தோடு சரி. மிச்சத்தையெல்லாம் நான் அத்தையிடம் கொட்டுவேன். அவள் ஒன்றுக்கும் மறுப்புச் சொன்னதில்லை.

செய்முறைத் தேர்வுக்கு மட்டும் உயிருள்ள தலை வேண்டும். ஆளுக்கொரு தலையை நாமே கூட்டி வர வேண்டும். அதற்கு எங்கள் சீப்பு டீச்சர் ஒரு விதி வைத்திருந்தார்: சீப்பைச் செருகி விட்டால் விழாமல் நிற்க வேண்டும். நின்றால் அது தலை, விழுந்தால் இல்லை. தேர்வில் தேறியவர்களைத்தான் அடுத்த வருஷம் அழகு நிலையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். தேறாதவர்கள் தட்டச்சு வகுப்புக்குப் போக வேண்டியதுதான்.

அப்பாவைக் கேட்கவே இல்லை. அவர் தலைக்குக் கத்தரி எதற்கு, துடைக்க ஒரு துணி போதும். மாடி வீட்டு அக்காவிடம் கேட்டேன். அவளும் சரியென்றாள். தேர்வன்று காலையில் போய் நின்றால் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"தப்பா எடுத்துக்காதடி. முடியில கை வெச்சா அவருக்குப் பிடிக்காதாம்."

பள்ளிக்குத் தனியாகப் போனேன். அறை முழுக்க அம்மாக்கள், சித்திகள், அக்காக்கள். ஒரே கலகலப்பு.

"உன் தலை எங்க?" என்றார் சீப்பு டீச்சர்.

"வரல டீச்சர்."

"அப்போ பொம்மையிலதான் பண்ணணும். பாதி மார்க்குக்கு மேல போட முடியாது. அது பத்தாதும்மா."

அழக்கூடாது என்று அத்தையின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாசலில் அப்பா வந்து நின்றார். கடைச் சட்டை, நகக்கண்ணெல்லாம் கரி.

"மாடி வீட்டுப் பொண்ணு கடைப்பக்கம் வந்துச்சு. சொல்லுச்சு," என்றார். பிறகு வழுக்கையைத் தடவிக்கொண்டு, "பக்கத்துல கொஞ்சம் இருக்கு. அது ஆகுமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, சீப்பை உச்சியில் வைத்தார். வழுக்கி மடியில் விழுந்தது. எடுத்துக் காதுக்கு மேலே செருகினார். நின்றது.

"தலைதான். ஆரம்பி."

அலசி உட்கார வைத்ததும் பழக்கதோஷம், அத்தையைத் திருப்புகிற மாதிரி தாடையைப் பிடித்து ஒரே திருகு.

"ஏய், கழுத்து! கழுத்து!" என்று அலறினார் அப்பா. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா எதையோ எழுதிக்கொண்டார்.

வாடிக்கையாளரிடம் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. கேட்க வேண்டிய கேள்விகளை மனப்பாடம் செய்திருந்தோம். அத்தையிடம் தண்ணீர் பட்ட பாடாகக் கேட்டவைதான். இப்போது சீப்பைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தேன். தேர்வாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்க்காமல் கேட்டேன்.

"இதுக்கு முன்னாடி யார்ட்ட வெட்டிப்பீங்க?"

அப்பா காதோர முடியைத் தடவிக்கொண்டார்.

"என் சம்சாரம்தான் வெட்டுவா. அவ போனதுக்கப்புறம் நானே கண்ணாடி பாத்து வெட்டிக்கறேன்."

எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது. அதன் பிறகுதான் பின்கழுத்தைச் சரியாகப் பார்த்தேன். கண்ணாடிக்கு எட்டாத அந்த இடம் எலி கடித்ததுபோல் மேடும் பள்ளமுமாக இருந்தது. இத்தனை நாள் அவர் முதுகுக்குப் பின்னால்தானே நான் வாழ்ந்துகொண்டிருந்தேன்?

அடுத்த கேள்வியும் பாடத்தில் உள்ளதுதான். "இப்போ எப்படி வேணும்?"

"அவ வெட்டற மாதிரி."

பாடத்தில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கத்தரியை இறக்கினேன்.

"அம்மா எப்படிப்பா வெட்டுவாங்க?"

அப்பா சொல்லத் தொடங்கினார். இடது பக்கம்தான் முதலில். காதை மடக்கிப் பிடித்துக்கொள்வாள். "இந்த நாலு முடிக்கு இவ்ளோ ராங்கியா"ன்னு கேட்பாள். முடித்ததும் கழுத்தில் உஃப்பென்று ஊதுவாள்; கூசும்; அவர் திட்டுவார்; மறுபடி ஊதுவாள். நான் இடது காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல வெட்டினேன். பேச்சு நிற்கும்போது நானும் நிறுத்திக் காத்திருந்தேன். வலது பக்கத்துக்குப் போகும் முன் மணி அடித்துவிட்டது.

தேர்வாளர் சுற்றி வந்து பார்த்தார். "வெட்டு பாதிதான். அதுக்குப் பாதிதான் போடுவேன்," என்றவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பேச்சுக்கு முழுசு. தேறிட்டே, போ."

வாயே திறக்காத வீட்டுப் பெண் பேச்சில் வாங்கிய மதிப்பெண்ணில் தேறினாள். அத்தையிடம் சொல்லியிருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

ஒரு பக்கம் வெட்டியும் ஒரு பக்கம் வெட்டாமலும் அப்பா தெருவில் என்னோடு நடந்தார். எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. ஆனால் பேச்சு மறுபடி நின்றுபோயிருந்தது. அவ்வளவுதான் போலிருக்கிறது, தேர்வுக்காகப் பேசியது தேர்வோடு சரி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் போனதும் அப்பா சமையலறை நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். துண்டைத் தானே தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"இன்னொரு பக்கம் பாக்கி இருக்கில்ல?"

வெட்டினேன். அவசரப்படவில்லை. பின்கழுத்தையும் சமன் செய்து முடித்ததும் குனிந்து கழுத்தில் உஃப்பென்று ஊதினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. துண்டை எடுத்து உதற வேண்டும். உதறாமல், அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.