சலவைக்கூடத்துப் பெண் கேட்ட கேள்வி

1

இது கதையாக ஆகியிருக்கவேண்டியதே இல்லை. சபைப் பத்திரிகையின் ஆண்டு மலருக்குத் திரித்துவம் பற்றி ஆறு பக்கத்தில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். கேட்டது ஓர் உபதேசியாரிடம். அதாவது, போதகருக்கு அடுத்தபடியாக இருந்துகொண்டு, ஞானஸ்நானம் பெற வருகிறவர்களுக்குப் பாடம் நடத்துகிறவரிடம். இருபத்திரண்டு வருடமாக அவருக்கு அதுதான் வேலை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவர், ஆனால் கடவுள் ஒருவர் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மூன்று பக்கம் மளமளவென்று ஓடியது. மூன்றாம் பக்கத்தின் அடியில் ‘சபெல்லியு’ என்ற பெயரை எழுதினார். பேனா அதோடு நின்றுவிட்டது.

அந்த உபதேசியாரை எனக்கு நன்றாகத் தெரியும். எவ்வளவு நன்றாக என்று இப்போதே கேட்காதீர்கள்.

2

நின்றுபோன கட்டுரையிலிருந்து கொஞ்சம்:

“மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் போதித்தவர் சபெல்லியு. கடவுள் ஒருவரே, அவர்தான் ஒரு சமயம் பிதாவாகவும், பிறகு குமாரனாகவும், அதற்கும் பிறகு ஆவியாகவும் தம்மைக் காட்டினார் என்றார். ஒரே ஆள், மூன்று வேடம். கேட்க எவ்வளவு எளிது! ஆனால் சபை அவரை விலக்கிவைத்தது. எல்லாம் வேடம்தான் என்றால் சிலுவையில் தொங்கியதும் பிதாவே என்றாகிவிடும். குமாரன் வானத்தைப் பார்த்து ஜெபித்தாரே, அது தன்னிடமேவா? அடுத்த நூற்றாண்டில் ஆரியு நேர் எதிர்ப்பக்கம் போனார். குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது என்றார். அந்தச் சண்டையைத் தீர்க்கப் பேரரசரே சபைத் தலைவர்களான ஆயர்களின் சங்கம் கூட்டவேண்டியதாயிற்று. தீர்ந்தபாடில்லை. ஆயர்கள் நாடு கடத்தப்பட்டார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி கடத்தப்பட்டார்கள். இந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவில்தான்”

(வாக்கியம் அங்கேயே நிற்கிறது. நடுவில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆயர்களுக்கே பல தலைமுறை பிடித்தது.)

(இன்னொன்று. சபெல்லியு தன் கையால் எழுதியது எதுவும் மிஞ்சவில்லை. அவர் என்ன சொன்னார் என்பது அவரை எதிர்த்தவர்கள் எழுதிவைத்ததிலிருந்துதான் தெரியும். இதை அடிக்குறிப்பாகப் போட உபதேசியார் நினைத்தார். கை கூசியது.)

3

சரி, கதை.

தொடக்கம்: “பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மழைநாளில்…”

மழை பெய்யவில்லை. நல்ல வெயில். எழுதுகிறவருக்குத் தலைகுனிவு வரும்போதெல்லாம் மழையைத் துணைக்குக் கூப்பிடுகிற பழக்கம்.

மறுபடி: பன்னிரண்டு வருடங்களுக்கு முன், உபதேசியாரின் மாலை வகுப்புக்கு ஒரு பெண் வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. காலையிலிருந்து கொதிதொட்டி, பிழிகிற இயந்திரம், மலைபோல் போர்வைகள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அவள் அவசரமாக ஞானஸ்நானம் பெற விரும்பியதற்குக் காரணம் உண்டு. அவள் தங்கை பிள்ளை பெற்றதோடு படுத்துவிட்டாள், இனி எழமாட்டாள் என்று டாக்டர் சொல்லியாயிற்று. தங்கைக்கு ஒரே ஆசை: குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது அக்காதான் ஞானத்தாயாக நிற்கவேண்டும். ஞானத்தாயாக நிற்க அவள் முதலில் சபையில் சேர்ந்திருக்கவேண்டும். சேர, சனிக்கிழமை ஒரு பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், முதலில் அவளுக்கு, பிறகு குழந்தைக்கு.

திரித்துவப் பாடத்தன்று உபதேசியார் தண்ணீர் டம்ளர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

“ஐஸ், தண்ணி, ஆவி. மூணும் ஒண்ணுதானே? அவ்வளவுதான் திரித்துவம்.”

“ஐயா, ஒரு சந்தேகம்.”

“கேளும்மா.”

“நான் நாள் பூரா ஆவியிலதான் நிக்கிறேன். தண்ணி ஆவியாப் போச்சுன்னா அப்புறம் தொட்டியில அந்தத் தண்ணி இருக்காது. அதே தண்ணி அதே நேரத்துல மூணாவும் இருக்குமாய்யா?”

“அது ஒரு உதாரணம்தானேம்மா.”

“சரிங்கய்யா. ஆனா சிலுவையில தொங்கும்போது அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினாரே… ஐஸ் யாரைப் பார்த்துக் கத்தும்? தண்ணிதான் ஐஸாப் போயிருச்சே. கேக்கறதுக்கு அங்க யாரு இருந்தா?”

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். உபதேசியாரும் சேர்ந்து சிரித்தார்.

“பரீட்சையில இப்படியெல்லாம் இழுக்காதீங்க தாயே. ஐஸ், தண்ணி, ஆவி. இதை மட்டும் சொல்லுங்க, பாஸ்.”

ஆயர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய மறுப்பை, போர்வை பிழிகிறவள் நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அன்று உபதேசியாருக்கு அது புரியவில்லை.

[பொய். அரைகுறையாகப் புரிந்தது. அதனால்தான் எரிச்சல் வந்தது.]

4

பரீட்சை. இதை மூன்று தடவை எழுதியாயிற்று. மூன்றையும் அப்படியே விட்டுவைக்கிறேன்.

முதல் தடவை:

பரீட்சை எடுப்பவர் வெளியூரிலிருந்து வருகிற மூத்த போதகர். எல்லாருக்கும் அவர் பெரிய ஐயா. நீள மேசை, ஒரு மின்விசிறி, மூடிபோட்ட தண்ணீர்க் கூஜா. திரித்துவத்தை விளக்கச் சொன்னார். அவள் ஐஸ், தண்ணீர், ஆவி என்றாள். பெரிய ஐயா கண்ணாடியைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்து உபதேசியார் டீ வாங்க வெளியே போயிருந்தார். திரும்பி வந்தபோது எல்லாம்

[அடித்தாயிற்று. டீ வாங்க யாரும் போகவில்லை.]

இரண்டாம் தடவை:

“இது சபெல்லியுவோட போதனைம்மா. ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே சபை வேண்டாம்னு தள்ளினது. யார் உங்களுக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?” என்றார் பெரிய ஐயா. உபதேசியார் அவள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள், “யாரும் இல்லீங்கய்யா, நானா நெனச்சேன்,” என்றாள்.

இந்த வடிவத்தோடு எழுதுகிறவர் ஒரு வாரம் நிம்மதியாக இருந்தார். பேசாமல் இருந்தது குற்றம்தான். ஆனால் வாசகருக்குப் பழக்கமான குற்றம். படிக்கிறவர் ‘ச்சே’ என்பார், கூடவே ‘பாவம்’ என்பார்.

அந்த வாரம்தான் சிறுமி பேசினாள்.

5

சிறுமி என்றால், தங்கையின் குழந்தை. இப்போது பன்னிரண்டு வயது.

அந்தச் சனிக்கிழமை பெரிய ஐயா, “இவங்க ஆறு மாசம் மறுபடி வகுப்புக்கு வரட்டும்,” என்று எழுதிவிட்டுப் போனார். தங்கைக்கு ஆறு மாதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்க ஆள் வேண்டுமே என்று போதகர் சுற்றுமுற்றும் பார்த்தார். உபதேசியாரின் மனைவி நின்றாள். தங்கையைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள். அவள் சடங்கு முடியும்வரை கடைசி பெஞ்சிலிருந்த அக்காவையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஏழாவது வாரம் இறந்துபோனாள்.

அக்காதான் குழந்தையை வளர்க்கிறாள். வகுப்புக்கு மறுபடி வரவில்லை, ஆனால் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறாள். அதே கடைசி பெஞ்ச். திருவிருந்துக்கு, அதாவது ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும் தருகிற அப்பமும் ரசமும் வாங்க, எல்லாரும் முன்னால் போகும்போது அவள் மட்டும் அங்கேயே உட்கார்ந்து, போகிறவர்களின் கைப்பைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் பை பார்ப்பது எல்லாருக்கும் எவ்வளவு சௌகரியமாகிவிட்டதென்றால், யாரும் ஏன் என்று கேட்பதே இல்லை.

வருடத்துக்கு ஒருநாள், குழந்தை ஞானஸ்நானம் பெற்ற தேதியில், அக்கா அவளை உபதேசியார் வீட்டுக்கு அழைத்துவருவாள். மனைவி ஒரு புதுத்துணி கொடுப்பாள். பெரியம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அந்தத் துணியை ஆஸ்பத்திரிப் போர்வை மடிப்பதுபோல் நாலு மூலையும் சேர ஒரே வீச்சில் மடித்துப் பைக்குள் வைப்பாள். டீயைக் குடித்து, தானே டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். பன்னிரண்டு வருடமும் உபதேசியாருக்கு அந்த நேரத்தில் தோட்டத்தில் ஏதாவது வேலை இருந்திருக்கிறது.

இப்போது சிறுமியும், முதல் திருவிருந்துக்குத் தயாராகிற பிள்ளைகளுக்கு அவர் நடத்துகிற வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் பக்கத்துப் பையன் அவளைக் கேட்டான், உங்க பெரியம்மா ஏன் திருவிருந்துக்கு வர்றதில்லை என்று. சிறுமி பென்சில் சீவிக்கொண்டே சொன்னாள்:

“அவங்களுக்குப் பாடம் மண்டையில ஏறாதாம். உபதேசியார் ஐயா எவ்வளவோ நல்லாத்தான் சொல்லிக்குடுத்தாராம். அவங்களுக்குத்தான் வரலையாம்.”

உபதேசியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுத ஒன்றுமில்லாமல், ஏற்கெனவே எழுதியிருந்த தேதிக்குக் கீழே கோடு போட்டார்.

6

மூன்றாம் தடவை:

“யார் உங்களுக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?” என்றார் பெரிய ஐயா.

அவள் வாயைத் திறந்தாள். அவள் பேசுவதற்கு முன்பே உபதேசியார் பேசிவிட்டார். உபதேசியார் என்ன உபதேசியார். நான். நான்தான் பேசினேன்.

“வகுப்புல அப்படிச் சொல்லித்தரலைய்யா. அவங்களாக் கற்பனை பண்ணிக்கிறாங்க. நாள் பூரா ஆவியிலயே நிக்கிறாங்க இல்லையா, அதான்,” என்று சொல்லிச் சிரித்தேன்.

பெரிய ஐயாவும் லேசாகச் சிரித்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த வெளுத்த விரல்களைப் பார்த்தாள். பிறகு, “ஆமாங்கய்யா. நானா நெனச்சதுதான்,” என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது வெட்கம் இல்லை, அப்பாடா என்றிருந்தது. வெட்கம் வர ராத்திரி ஆயிற்று. வந்தது போகவே இல்லை.

(எழுதுகிறவர், உபதேசியார், பொய் சொன்னவன் என்று மூன்று வேடம் போட்டு இதுவரை ஓட்டியிருக்கிறேன். சபெல்லியு சொன்னது கடவுள் விஷயத்தில் தவறு. என் விஷயத்தில் சரி.)

7

இவ்வளவையும் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, அடித்த வரிகளைக்கூட விடாமல் படித்தாள். நான் பாராட்டை எதிர்பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? எதிர்பார்த்தேன்.

“இதைப் பத்திரிகைக்கா குடுக்கப்போறீங்க?”

“ஆமா. எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்.”

“தெரிஞ்சுக்கிட்டு? ‘எவ்வளவு நேர்மையான மனுஷன் பாரு’ன்னு ஊரே உங்களைத்தான் மெச்சும். அவ அப்பவும் பை பார்த்துக்கிட்டு அங்கயே உக்கார்ந்திருப்பா.”

அவள் காகிதங்களை அடுக்கினாள்.

“பன்னிரண்டு வருஷமா அந்தப் பொண்ணு என்னை ஞானம்மான்னு கூப்பிடுது. யாரோட இடத்துல நிக்கிறேன்னு எனக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா? நான் பாட்டுக்கு வருஷா வருஷம் அவளுக்கு டீ போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.” காகிதக் கட்டை என் கையில் திணித்தாள். “முதல்ல அவகிட்ட குடுங்க. அப்புறம் அவ சொல்றபடி செய்ங்க.”

8

இன்றுதான் அந்தத் தேதி. நாலு மணிக்கு வருவார்கள். மேசையில் புதுத்துணி இருக்கிறது, பக்கத்தில் ஓர் உறை. உறைக்குள் இந்தப் பக்கங்கள். கூடவே போதகருக்கு ஒரு கடிதம்: அந்தப் பரீட்சையில் தோற்றவர் அவரில்லை, தோற்றவரின் பெயர் கீழே கையெழுத்தாக இருக்கிறது என்று. கடிதத்தைக் கொடுப்பதா கிழிப்பதா என்பது அவள் இஷ்டம்.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் அழுகிறாள். (எனக்கு வசதியான முடிவு.) இன்னொன்றில், “அன்னைக்கே மறந்துட்டேன்யா,” என்கிறாள். (அதைவிட வசதி.) மற்றொன்றில் எழுந்து, டம்ளரைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டுப் போகிறாள். அதை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்திருந்தது. அப்புறம்தான் உறைத்தது, அதுவும் என்னைத் தண்டித்து எனக்கே ஆறுதல் தேடுகிற வேலை என்று. கடைசியாக ஒன்றில் அவள் பழைய கேள்வியையே கேட்கிறாள்: கேட்க அங்கே யார் இருந்தார்கள்? அதற்கு இன்றைக்காவது ஒழுங்காகப் பதில் சொல்வேன். பிதா இருந்தார்ம்மா, வேற ஒருத்தரா இருந்தார், ஆனா பிரிஞ்சு இல்ல, நீங்க கேட்டதுதான் சரி, என் டம்ளர்தான் தப்பு.

எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். முதலில் என் டம்ளரை அவள் வாயில் வைத்தேன். பிறகு அவள் பேசவேண்டிய இடத்தில் நான் பேசினேன். இப்போது முடிவையும் நானே எழுதி அவளைப் பேசவைத்தால், மூன்றாம் தடவையும் அதையே செய்தவனாவேன்.

ஆகவே வாசகரே, முடிவு என்னிடம் இல்லை. இது அச்சாகி உங்கள் கைக்கு வந்திருந்தால், போடலாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள் என்று அர்த்தம். அதிலிருந்து மன்னித்துவிட்டாள் என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். அவள் அதைச் சொன்னாளா என்பது உங்களுக்குத் தெரியாது.

வாசல் கொக்கி சத்தம் கேட்கிறது. சிறுமி “ஞானம்மா!” என்று சமையலறைக்கு ஓடுகிறாள். பெரியம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருக்கிறாள்.

தோட்டத்தில் இன்று எனக்கு எந்த வேலையும் இல்லை.