மாட்டுத்தொட்டிக் கெளுத்தி

சந்திரவல்லிக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாலே குமட்டியது. மீனை ஆய்ந்திருக்கிறாள், உரசிக் கழுவியிருக்கிறாள், புளி கரைத்துக் குழம்பு வைத்து ஒரு பிடி பிடித்தும் இருக்கிறாள். அதற்காக உயிர்மீனைக் கொண்டுவந்து கூடத்தில், சாமி படத்துக்குக் கீழே வைத்து, வேளாவேளைக்கு உபசாரம் பண்ணச் சொன்னால் எந்தப் பெண்ணுக்குத்தான் குடல் புரளாது?

எல்லாம் புருஷன் சீனிச்சாமியின் கூத்து. போடியில் ஏலக்காய் வியாபாரம் அவனுக்கு. ஜெர்மன்காரனோடு சண்டை மூண்டதும், மலைமேல் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவன் பட்டாளத்துக்குக் கிளம்பிப் போனான். அவன் பங்களாச் சாமான்கள் விலைக்கு வந்தபோது மற்ற வியாபாரிகள் மேசையும் கட்டிலுமாகப் பார்த்து எடுக்க, இந்த மகராசன் மீன்பெட்டியை எடுத்தான். குரங்கணிப் பாதையில் தலைச்சுமையாக வந்து இறங்கியது. கூடவே ஒரு குடத்தில் மீன்கள்.

"துரை வீட்டுச் சாமான் புள்ள. போடியில வேற எவன் வீட்ல இருக்கு? மதுரை வியாபாரிக வந்தா வாயப் பொளந்து பாக்கணும். கண்ணாடி பளபளன்னு இருக்கணும், சொல்லிப்புட்டேன்" என்றான்.

வாயைப் பிளக்கும் அழகா அது? மலை ஓடைக் கல்லில் ஒட்டிக்கிடக்கும் குட்டிக் கெளுத்திகள். விரல் நீளம், சேற்று நிறம், மீசை வேறு. வாய் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் அடிப்பக்கம் போயிருந்தது. அந்த வாயால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு தொங்கும். உள்ளேயிருந்து பல்லில்லாத ஈறு மாதிரி அது சுருங்கி விரிவதை வெளியே நிற்பவள் பார்க்க வேண்டும். பின்னால் நூல் நூலாகக் கழிசல், தன் உடம்பைவிட நீளமாக. வீட்டுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்தபடியே பணியாரம் தின்றார்கள். எப்படித்தான் இறங்கியதோ.

என்ன தீனி போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கோயில் தெப்பத்து மீனுக்குப் பொரி போட்டால் புண்ணியம் என்று ஊரே போடுகிறதே, அதையே சீனிச்சாமியும் கை நிறைய அள்ளிப் போட்டான். கெளுத்திகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொரி ஊறிப் புளித்து, மேலே பஞ்சாகப் பூசணம் பூத்து, கூடம் முழுக்க ஊசிப்போன கஞ்சி வாடை அடித்தது. அதோடு கண்ணாடியில் பச்சையாக ஒரு வழுவழுப்பு வேறு. பாசி! கிணற்றடியில் ஒரு பொட்டுப் பாசி கண்டாலும் தேய்த்துத் தேய்த்து மாய்கிறவள் சந்திரவல்லி. புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாக எடுத்துக்கொண்டு, மூக்கைச் சேலையால் கட்டிக்கொண்டு, தினமும் பெட்டியைத் துலக்கினாள். பித்தளைக் குத்துவிளக்கு தோற்றுப்போகும் அளவுக்குத் துலக்கினாள். வழித்த பாசியைத் தொடாமல் குச்சியால் தள்ளிச் சாக்கடையில் விட்டாள்.

கெளுத்திகள் வயிறு ஒட்டிப்போய் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன.

முதல் மீன் செத்தபோது சீனிச்சாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அடுத்தடுத்துச் சாகவும் வாயைத் திறந்தான். "ஒங்கையில எதுதான் தங்குச்சு? பெத்ததும் தங்கல, வளக்குறதும் தங்கல."

போன வருஷம் பிறந்த பிள்ளை காய்ச்சலில் போயிருந்தது. அதற்குமுன், ஆவணியில் புது ஏலக்காய் மலையிலிருந்து இறங்கினால் முதல் மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளித் தராசில் போடுவது சந்திரவல்லிதான். ராசியான கை என்பான். பிள்ளை போன பிறகு மூட்டை கிட்டேயே விடவில்லை. இப்போது ராசிங்காபுரத்தில் தன் அக்காள் மகள் ஜக்கம்மாள் இருக்கிறாள் என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்தான். "மிச்சமிருக்க மீனும் செத்துச்சுன்னா எனக்கு நெசம் தெரிஞ்சு போகும். அவளக் கட்டிக்கிட்டு வந்துருவேன். நீ ஒரு மூலையில கிட."

வியாபாரம் பண்ணுகிறவனுக்குக் கைராசிதான் வேதம். அவன் சொன்னால் செய்வான் என்று அவளுக்குத் தெரியும். பயத்தில் இன்னும் அழுத்தித் துலக்கினாள்.

மிஞ்சிய ஒரே கெளுத்தியும் ஒருநாள் காலையில் மல்லாந்துவிட்டது. அதைக் கையால் தொட மனமில்லாமல் ஒரு சிரட்டையில் அள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொல்லைக்கு ஓடி, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டியில் வீசிவிட்டு வந்தாள். சாயங்காலம் சீனிச்சாமி வெறும் பெட்டியைப் பார்த்தான். மறுநாளே ராசிங்காபுரத்துக்கு ஆள் போனது. அக்காள் வீட்டார் பேசி முடிக்க அமாவாசை கழித்து வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

மாட்டுக் கொட்டத்துப் பக்கம் சந்திரவல்லி எட்டிப் பார்ப்பதே இல்லை. சாணி, மூத்திரம், ஈ. அதெல்லாம் மருதாயி என்ற வேலைக்காரியின் பாடு. அமாவாசை நெருங்குகையில் மருதாயிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. மாடு தண்ணீருக்குக் கத்தியது. வேறு வழியில்லாமல் குடத்தோடு போனாள்.

தொட்டியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். மருதாயி அதைத் தேய்த்ததே இல்லை. சுவரெல்லாம் விரல் கனத்துக்குப் பாசி, மேலே மாட்டு எச்சில் நுரை. ஓங்கரித்துக்கொண்டு குடத்தைச் சாய்த்தாள். நுரை விலகியது. உள்ளே பாசியில் ஏதோ நகர்ந்தது.

கெளுத்தி. கொழுகொழுவென்று, வயிறு பிதுங்க, அந்த அசிங்கமான வாயைப் பாசியில் பதித்து மேய்ந்துகொண்டிருந்தது. அது போன வழியெல்லாம் கல் வெளுத்துக் கிடந்தது.

சந்திரவல்லி குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். தினமும் வழித்து வழித்துச் சாக்கடையில் தள்ளியது அவற்றின் சோறு! பளபளவென்று துலக்கித் துலக்கிப் பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறாள். அவள் கையில் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பாழாய்ப்போன பளபளப்பில்தான் இருந்தது.

கடையிலிருந்து வந்தவனைக் கையோடு கொல்லைக்கு அழைத்துப் போனாள். தோளில் கிடந்த சரிகைத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவன் எட்டிப் பார்த்தான்.

"என்னா மீனு இது?"

"செத்துப்போச்சுன்னு நான் வீசுனது. பாசியத்தான் திங்குது. நாமதான் தேச்சுத் தேச்சுக் கொன்னுருக்கோம்."

அவள் சொன்னதில் பாதி அவன் காதில் ஏறவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "பாத்தியா! செத்த மீனு ஒங்கை பட்டுப் பொழைச்சிருக்கு. ராசியான கைதான் புள்ள. ராசிங்காபுரத்துக்கு வர வேணாம்னு சொல்லிவிட்டுர்றேன். நாளைக்கு மொத மூட்டைய நீயே பிரி. இப்ப வெரசா அதப் புடிச்சு, நல்லாக் கழுவிக் கண்ணாடிப் பெட்டியில விடு."

இதைத்தான் அவள் கேட்க ஏங்கினாள். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. ஒரு மீன் மல்லாந்தால் மூலைக்கு, நிமிர்ந்தால் மூட்டைக்கு. செத்த பிள்ளையையும் அந்தக் கணக்கில்தானே சேர்த்தான்? சிரிக்கிற அந்த வாயைப் பார்க்கப் பார்க்க, பாசிக்கும் நுரைக்கும் வராத அருவருப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டாள். கெளுத்தி விரலிடுக்கில் வழுக்கியது. அதைப் பாசி அடர்ந்த பக்கமாக ஒதுக்கிவிட்டாள்.

"அது இங்ஙனதான் கெடக்கும். மூட்டைய நீங்களே பிரிச்சுக்கங்க."

பச்சையும் எச்சிலும் வழிந்த கையை அவன் தோள் துண்டில், சரிகைப் பக்கமாகப் பார்த்து, அழுந்தத் துடைத்துவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனாள்.