பொம்மையா, உருண்டையா

துரானியுஸுக்கு ரொட்டி சுடுவதைவிட வாக்குக் கொடுப்பது சுலபம். ரொட்டிக்காவது மாவு வேண்டும், விறகு வேண்டும். வாக்குக்கு வாய் மட்டும் போதும். "அடுத்த வருஷம் உன்னை விடுதலை பண்ணிடறேன், மிர்தாலே" என்று ஒவ்வொரு முச்சந்தித் திருவிழாவின்போதும் சொல்வார். சொல்லும்போது கண்கூடக் கலங்கும். மனிதர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. சொன்ன நேரத்தில் தானே அதை முழுசாக நம்பினார். மறுநாள் காலை கழுதை நொண்டும், கோதுமைக் கப்பல் வரத் தாமதமாகும், அந்த வாக்கு அடுப்புச் சாம்பலோடு குப்பைக்குப் போய்விடும்.

மிர்தாலே அந்த வீட்டுக் கம்பளிக்காரி. அடிமை. நூற்பது, நெய்வது, கிழிசல் தைப்பது, எல்லாம் அவள்தான். வருஷத்துக்கு ஒரு முறை முச்சந்திக் கோயிலில் தொங்கவிடும் கம்பளி உருவங்களைக் கட்டுவதும் அவள்தான். ரோமாபுரியின் எந்தத் தெருவிலும் வழக்கம் இதுதான்: விழாவுக்கு முந்தின மாலை, வீட்டிலுள்ள ஒவ்வொரு தலைக்கும் ஓர் உருவம் தொங்க வேண்டும். இரவில் பாதாளத்திலிருந்து ஏறி வரும் தாய்த்தெய்வம் அந்த உருவத்தை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவாள். சுதந்திரமானவர்களுக்குப் பொம்மை, கை, கால், முகம் எல்லாம் உண்டு. அடிமைகளுக்கு வெறும் உருண்டை. அடிமைக்கு முகம் எதற்கு என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

வருஷா வருஷம் தன் உருண்டையைத் தானே கட்டிக்கொண்டிருந்தாள் மிர்தாலே. கையும் கூசவில்லை, மனமும் கூசவில்லை. பழகிப்போயிற்று. இந்த வருஷம்தான் கை ஓடவில்லை. காரணம், வயிறு.

நிறைமாதம். மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எறங்கிடுச்சு. திருவிழா தாண்டாது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சட்டம் ரொம்பத் தெளிவானது. தாய் அடிமையாக இருக்கும்போது பிறந்தால் பிள்ளையும் அடிமை. தாய் விடுதலையான பிறகு பிறந்தால், அது பிரசவ வலிக்குச் சற்று முன்னால் கிடைத்த விடுதலையானாலும் சரி, பிள்ளை சுதந்திரப் பிறவி. அதனால் துரானியுஸின் 'அடுத்த வருஷம்' இனி அவளுக்கு உதவாது. விழாவுக்கு முந்தின நாள் காலை, மாவு பிசைந்துகொண்டிருந்தவரிடம் போய் நேராகவே கேட்டாள். அவருக்குக் கண் கலங்கியது. "அடுத்த வருஷம், கண்டிப்பா" என்றார்.

கழுதையை மாவுக்கல்லில் பூட்டிக்கொண்டிருந்தான் கெர்டோ. பிள்ளையின் தகப்பன், அவனும் அந்த வீட்டு அடிமை. மிர்தாலே அவன் பக்கத்தில் போய், கட்டி முடித்த உருவங்கள் இருந்த கூடையைக் காட்டினாள்.

"என் உருவம் இதுல இல்ல."

"கட்டலையா? பொழுது சாயப்போவுது, கட்டு."

"என்னன்னு கட்ட? உருண்டை கட்ட மாட்டேன். பொம்மை கட்ட எனக்கு உரிமையில்ல. அவரே சொல்லட்டும், கோயில் முன்னாடி, அத்தனை பேரும் கேக்க."

கெர்டோவுக்கு முகம் வெளுத்தது. "உனக்கென்ன பைத்தியமா? ராத்திரி அந்தத் தாய் வந்து எண்ணிப் பார்த்தா உனக்குன்னு ஒண்ணும் தொங்காது. வயித்துல இருக்கறதுக்கும் தொங்காது. அது போகட்டும், எஜமானைத் தெருவுல வெச்சு அவமானப்படுத்தினா சும்மா விடுவாரா?"

"திருவிழாவுல அடிமையை அடிக்கக் கூடாது."

"திருவிழா முடிஞ்ச மறுநாள்? சந்தையில நிக்கவெச்சு வித்துடுவார்டி. நீ ஒரு ஊர்ல, நான் ஒரு ஊர்ல."

அதை அவள் யோசிக்காமல் இல்லை. பயமும் இருந்தது. இருந்தாலும் ஒரு கைப்பிடிக் கம்பளியை இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

முச்சந்தியில் தெருவே கூடியிருந்தது. குளிர் காற்றில் விளக்குகள் ஆடின. கோயில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பலிபீடம், சுவரில் தீட்டிய இரண்டு காவல் தெய்வங்கள், மேலே உருவங்கள் மாட்ட ஓர் உத்தரம். துரானியுஸின் மனைவி நெவியா தேன் அப்பங்களைத் தட்டில் ஏந்தி நின்றாள். வறுத்த மீன் விற்கும் லூரியா வழக்கம்போல் முன்வரிசையைப் பிடித்திருந்தாள். அவளும் ஒரு காலத்தில் அடிமைதான். விடுதலையான நாளிலிருந்து வாயை மூடியதே இல்லை என்று தெருவில் சொல்வார்கள்.

துரானியுஸ் புத்தம் புதுச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பெயர் சொல்லிச் சொல்லி மாட்டத் தொடங்கினார். முதலில் தன் பொம்மை. அடுத்தது நெவியாவின் பொம்மை.

"இந்த வருஷமும் ரெண்டு பொம்மைதானா, ரொட்டிக்காரரே?" என்றாள் லூரியா. "பாவம், பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாம தொங்குதுங்க."

சிரிப்பு எழுந்தது. நெவியா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. கிண்டல் செய்வதற்கும் ஒரு அளவு உண்டு, லூரியாவுக்கு அது தெரியாது. துரானியுஸ் காதில் விழாததுபோல உருண்டைகளுக்குப் போனார். கெர்டோவுடையது, அடுப்புக்காரனுடையது, மாவு சலிப்பவளுடையது. கூடைக்குள் மறுபடி கைவிட்டார். துழாவினார். கூடையைக் கவிழ்த்தே பார்த்தார்.

"மிர்தாலே, உன்னுது எங்க?"

"கட்டலை, எஜமான்."

"கட்டலையா? ஐயோ, ராத்திரி அவ வருவாளே!" அவர் கவலை நிஜமானது. தெய்வ பயத்தில் மட்டும் அவர் எதையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளியதில்லை.

மிர்தாலே இடுப்பிலிருந்த கம்பளியை எடுத்து நீட்டினாள். "எந்த உருவம்னு எனக்குத் தெரியல. போன வருஷம் நீங்க சொன்னதை வெச்சுப் பாத்தா பொம்மை கட்டணும். அதுக்கு முந்தின வருஷம் சொன்னதை வெச்சுப் பாத்தாலும் பொம்மைதான். இன்னிக்குக் காலைல சொன்னதை வெச்சுப் பாத்தா உருண்டை. நீங்களே சொல்லிடுங்க. இங்கயே நின்னு கட்டிடறேன்."

துரானியுஸ் அவள் பக்கம் குனிந்து பல்லைக் கடித்தார். "தெருவுல வெச்சு என் மானத்தை வாங்கறியா?"

"மானத்தை வாங்கல, எஜமான். வயித்துல இருக்கறதுக்கு வழி கேக்கறேன்."

"சரி, கேட்டுக்கோ. உருண்டை. போதுமா? உருண்டைதான்!"

கெர்டோ கண்ணை மூடிக்கொண்டான். மிர்தாலே அழவில்லை. கம்பளியில் பாதியைப் பிய்த்து, உள்ளங்கையில் உருட்டி, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். மிச்சக் கம்பளியையும் உருட்டினாள். சின்னதாக, எலுமிச்சம்பழ அளவில் ஒன்று. அதையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எதுக்கு? அது இன்னும் பொறக்கவே இல்லையே."

"இன்னிக்கு ராத்திரியே பொறக்கலாம், எஜமான். உருண்டையாத்தான் பொறக்கும்."

அவர் கை அப்படியே நின்றது. அந்தச் சின்ன உருண்டை அவர் பெரிய கையில் தொலைந்துபோனதுபோல் கிடந்தது. மாட்டவும் இல்லை, கீழே போடவும் இல்லை. நெவியா தட்டைப் பலிபீடத்தில் வைத்துவிட்டு வந்தாள். வீட்டில் குரல் உயர்த்தாதவள் நடுத்தெருவில் பேசினாள்.

"ஏங்க, அந்தப் பிள்ளைக்கு என்ன பேர் வெப்பீங்க?"

"என்னமோ ஒரு பேர். அடிமைப் பிள்ளைக்குப் பேரா பஞ்சம்?"

"இவளை விடுதலை பண்ணினா இவளுக்கு உங்க குலப்பேர் வரும். அப்புறம் பொறக்கற பிள்ளைக்கும் அதே பேர்தான் வரும். நம்ம ரெண்டு பொம்மையும் போனப்புறம் இந்தத் தெருவுல துரானியுஸ்னு கூப்பிட்டா யார் திரும்பிப் பாப்பாங்க? கழுதையா?"

கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. லூரியா மட்டும் சிரிக்கவில்லை. சற்றுமுன் தான் சொன்ன கிண்டல் எங்கே போய்த் தைத்தது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

துரானியுஸ் மேலே ஆடிக்கொண்டிருந்த இரண்டு பொம்மைகளையும் பார்த்தார். அவர் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும் மிர்தாலேவுக்கு உள்ளே எல்லாம் இற்று விழுந்தது. அந்தக் கண்ணீரை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதும் தெரியும்.

"அடுத்த..." என்று ஆரம்பித்தார்.

"வருஷம்!" என்றது தெரு முழுக்க ஒரே குரலில்.

துரானியுஸ் திடுக்கிட்டார். கொல்லன், துணி வெளுப்பவன், லூரியா, சின்னப் பிள்ளைகள் வரை எல்லோர் வாயிலும் அந்தச் சொல் தயாராக இருந்தது. வருஷக்கணக்காக ஊரே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியாது. முகம் சிவந்து, பிறகு வெளுத்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் வெறுமையாகிவிட்டது. அவர் தோளிலிருந்து சால்வை நழுவியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"கேட்டுக்கோங்க, எல்லாரும்." குரல் உடைந்தது; தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். "நீங்கதான் சாட்சி. இவ மிர்தாலே, என் அடிமையா இருந்தவ. இந்த நிமிஷத்துலேருந்து இவ சுதந்திரமானவ. அடுத்த வருஷம் இல்ல. இப்ப!"

லூரியா போட்ட கூச்சலில் கழுதைகள் கத்தின. மிர்தாலே அவர் கையிலிருந்த பெரிய உருண்டையை வாங்கிப் பிரித்தாள். அதே கம்பளியில் பொம்மை கட்ட ஆரம்பித்தாள். தலை வந்தது, கை வந்தது, கால் வந்தது. முகத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்கு முகம் வைத்தவள், தனக்கு எப்படி வைப்பது என்று தெரியாமல் விழித்தாள். அப்போதுதான் அழுதாள், வாய்விட்டு, வெட்கமில்லாமல்.

அதற்குள் துரானியுஸ் சின்ன உருண்டையை அவரே கிள்ளிக் கிள்ளி இழுத்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். மாவு பிசைந்த கை. பொம்மை புளிக்காத ரொட்டிபோல வந்தது. ஒரு கால் நீளம், தலை பூசணிக்காய். "பொறக்கறதுக்கு முன்னாடியே இவ்ளோ பெரிய தலையா? பெக்கறவ பாடு திண்டாட்டம்தான்!" என்றாள் லூரியா. யாரும் அதை மாற்றச் சொல்லவில்லை. அவரே அதை நெவியாவின் பொம்மைக்குப் பக்கத்தில் மாட்டினார்.

மிர்தாலே தன்னுடையதை நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"இனிமே உன்னுதை நீதான் மாட்டணும்."

வயிறு இடித்ததால் உத்தரம் எட்டவில்லை. கெர்டோ ஒரு ரொட்டிப் பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டு அவளைப் பிடித்துக்கொண்டான். ஏறி நின்று மாட்டினாள். இறங்கும்போது அவன் பார்வை தன் உருண்டையிடம் போய் வந்ததை அவள் கவனித்தாள். துரானியுஸும் கவனித்துவிட்டார்.

"உனக்கு அடுத்த வருஷம்டா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் இங்கேதான் இருப்பேன், எஜமா..." மிர்தாலே நிறுத்தித் திருத்திக்கொண்டாள். "இங்கேதான் இருப்பேன், ஐயா. கையில கம்பளியோட."

விழா முடிவதற்குள் பெண் பிறந்தது. தலை அளவாகத்தான் இருந்தது. பெயர் வைக்கும் நாளில் நெவியா தேன் அப்பம் சுட்டுத் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். லூரியா தனக்கு வந்ததைத் தின்றுகொண்டே, ரொட்டிக்கடை வாசலில் நின்று, புதுப் பெயர் எப்படி ஒலிக்கிறது பார்ப்போம் என்று கத்தினாள்.

"துரானியா!"

குழந்தை அசையவில்லை, நல்ல தூக்கம். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்த மிர்தாலே இரண்டடி நடந்தாள், நின்றாள். அது தன் பெயரும்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தாள்.