சாகித்தியாவின் நிறை

பண்டத்தரிப்பில் சிவகௌரியின் மகள் சாகித்தியா நாலு வயதில் நூற்றுப் பன்னிரண்டு கிலோ நிறை இருந்தாள். பார்த்தால் மெலிந்த பிள்ளை. கைக்காப்பு முழங்கை வரை ஏறும். கிளினிக் தராசு உடைந்துபோனதால் சங்கக்கடையில் மா மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார்கள். மருத்துவமாது அற்புதராணி அதை அட்டையில் எழுதிவிட்டு, "சாப்பாட்டைக் குறையுங்கோ எண்டு சொல்லவும் ஏலாது, எலும்பெல்லே தெரியுது" என்றாள். அந்த மாரியில் வீட்டு வளவுச் செம்மண் இளகியபோது சாகித்தியா முழங்கால் வரை புதைந்தாள். நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அடுத்த மாரியில் இடுப்பு வரையா, தலை வரையா என்று சிவகௌரி யோசித்தாள். அழவில்லை. சோறு வடித்தாள்.

காரணம் கிணறு. பக்கத்துக் காணியில் முன்பு பழைய பற்றறிகளை உருக்கி ஈயம் எடுத்தார்கள். ஆட்கள் போய்ப் பத்து வருடம், ஈயம் போகவில்லை. தண்ணீரைப் பரிசோதித்த றொபின் என்ற இளம் உத்தியோகத்தர் ஓர் உரப்பை நிறைய ஆகாயத்தாமரை கொண்டுவந்து கிணற்றில் விட்டார். வேர் ஈயத்தை உறிஞ்சும், நிறைந்ததும் வெளியே எடுங்கள், மண்ணில் மட்டும் போடக் கூடாது, வாகனம் அனுப்பி ஏற்றுவோம் என்றார். செடிகள் ஊதாவாகப் பூத்தன. இரண்டு மாதத்தில் ஒரு செடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. சாம்பல் நிற வேர்கள் கிணற்றுக் கட்டில் பட்டால் மண்வெட்டி விழுந்த சத்தம் கேட்டது. பங்குனியில் தண்ணீர் சுத்தம் என்று கடிதம் வந்தது. வாகனம் வரவில்லை. றொபினுக்கு இடமாற்றம் வந்தது.

சிவகௌரியின் புருஷன் கீர்த்திகன் பீற்றூட் தோட்டம் செய்தான். எல்லோரையும் போல வருடா வருடம் பூவரசங்குழை வெட்டித் தோட்டத்து மண்ணில் புதைத்துத் தாழ்ப்பான். மண்ணுக்கு அதுதான் பசளை. அந்த வருடம் குழை போதவில்லை. வேலியோரம் ஆகாயத்தாமரை பச்சையாகக் குவிந்துகிடந்தது.

"மண்ணிலை போடக் கூடாது எண்டவரெல்லே," என்றாள் சிவகௌரி.

"உம்மடை றொபின் சேர் எப்ப தோட்டம் செய்தவர்? இவ்வளவு பச்சையை எறிஞ்சா ஊர் சிரிக்கும்."

சித்திரை முழுக்கத் தாழ்த்தான். ஆடியில் பீற்றூட் நன்றாக விளைந்தது. கொடிகாமம் சந்தைக்கு ஏற்றிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் அச்சு மானிப்பாய் தாண்ட முதல் முறிந்தது. தெருவில் கொட்டுண்ட கிழங்குகளைப் பொறுக்க வந்தவர்கள் தூக்க முடியாமல் விட்டுப் போனார்கள். மிச்சத்தை வீட்டில் சமைத்தார்கள். சாகித்தியாவுக்குப் பீற்றூட் கறி விருப்பம். ஆவணியில் அவள் நூற்றெழுபது கிலோ.

கீர்த்திகன் தாழ்த்ததை எல்லாம் ஒரு மாதமாகக் கிண்டி எடுத்தான். இரண்டு இரும்பு அலவாங்குகள் வளைந்தன. சிவகௌரி கிணற்றில் மிஞ்சிய இளஞ்செடிகளை அள்ளிக் கிணற்றடித் தொட்டியில் விட்டு, பிள்ளையைக் கழுத்தளவு தண்ணீரில் இருத்தினாள். வேர்கள் நீந்திப் போய்க் கால்களைச் சுற்றின.

"கூசுதம்மா."

"கூசட்டும். இரு."

ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம். செடிகள் கனத்துத் தாழ, அவள் அவற்றை மாற்றினாள். தண்ணீர் அள்ள வந்த அயல் பெண்கள், "உவள் இன்னும் ஊறி முடியேல்லையோ?" என்று கேட்டுவிட்டு வாளியைக் கொண்டு போனார்கள். புரட்டாதியில் நூற்றிருபது. ஐப்பசியில் அறுபது. கார்த்திகையில் மழை பிடித்தபோது முப்பத்தொன்று. வளவில் இறங்கிய சாகித்தியா கணுக்கால் அளவு தாழ்ந்து, தானே காலை இழுத்துக்கொண்டு போய்க் கொய்யாக்காய் பிடுங்கினாள். சிவகௌரி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அடுப்பு மூட்டினாள்.

கனத்த செடிகளை அவள் மண்ணில் போடவில்லை. தோட்டத்தில் கிண்டி எடுத்ததையும் சேர்த்து முன்னறைச் சீமெந்து நிலத்தில் அடுக்கினாள். அவை அழுகவில்லை. தொட்டியில் கனத்தவற்றை மேலும் மேலும் அடுக்க, மூன்று வருடத்தில் யன்னலை மறைத்துவிட்டன. வாகனம் வரும் என்று இடையிடையே கடிதம் வருகிறது. வீடு வருடத்துக்கு ஒரு படி இறங்குகிறது. வாசலில் இருந்த நாலு படிகளில் இப்போது ஒன்று இருக்கிறது. போன கிழமை வந்த அற்புதராணி, முழங்கால் வருத்தக்காரிக்கு இந்த உயரம் நல்லது என்று சொல்லி உள்ளே ஏறி, சாகித்தியாவை நிறுத்து, பதினெட்டு என்று எழுதி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள்.