காதுக் கருவியும் பத்து மணி பாசஞ்சரும்

நான் போனை எடுத்தால் ரயில் கிளம்பிவிடுகிறது.

வலது காதில், மடலுக்குப் பின்னால் தொங்குகிற கேட்கும் கருவி மாட்டியிருக்கிறேன். போனை அதோடு ஒட்டிவைத்தால் கீ என்று விசில் அடிக்கும். என் வீடு ரயில் நிலையத்தை ஒட்டி. கார்டு ஊதிவிட்டார் என்று நினைத்துப் பத்து மணி பாசஞ்சர் போய்விடும். போகட்டும். ஆனால் உள்ளே என் தங்கை உலகம்மாள் இருந்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்தவளை வாசலில் வைத்தே "எதுக்கு வந்தே?" என்று கேட்டுவிட்டேன். அப்படியே திரும்பிப் போனாள். போன மாதம்தான் மறுபடி வந்தாள். வண்டி நின்றதும் போன் செய்தாள்.

"அண்ணே, இறங்கவா?"

வாயைத் திறப்பதற்குள் விசில். வண்டி அவளைக் கொண்டுபோய்விட்டது.

நான் சொல்லாமல் இறங்க மாட்டாள். கடைசி ஊர்வரை போவாள். அதே வண்டியில் திரும்பி வந்து போன் செய்வாள். மறுபடி விசில். பத்தொன்பது நாள் இப்படியே போனது. ஜன்னல் கம்பியில் சேலை காயப்போட்டிருந்தாள். இளைத்திருந்தாள்.

ஒருநாள் கருவியைக் கழற்றிவிட்டுப் பேசினேன். அவள் சொன்னது கேட்கவில்லை. "என்னது?" என்றேன். அதட்டுகிறேன் என்று வைத்துவிட்டாள். நேரில் போய் ஜன்னலைத் தட்டினேன். ஷட்டரை இறக்கினாள். முகத்தைப் பார்த்தால் சண்டை வரும், போனிலேயே சொல்லட்டும் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினாள்.

கார்டு தன் விசிலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"நீங்க ஊதினாத்தான் வண்டிக்குக் கேக்கு. எனக்கு எதுக்கு இது?"

"எனக்கும் வேண்டாம். காதிலேயே இருக்கு."

இருபதாம் நாள் அதே சீட்டுக்காரர் வந்தார். "நாளைக்கும் நீங்க சொல்லலைன்னா இனி சொல்லவே வேண்டாமாம். ரேஷன் கார்டை எங்க பெட்டிக்கு மாத்த எழுதிக் குடுத்துட்டாங்க" என்றார்.

மறுநாள் பிளாட்பாரத்திலேயே நின்றேன். வண்டி வந்தது. போன் அடித்தது. காதில் வைக்கப் போனேன். கொய்யா விற்கிறவள் கூடையை இறக்கிவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"அங்க எதுக்கு வைக்கீரு? அந்த ஓட்டைதான் செவிடாச்சே. உம்ம காது இப்போ பின்னால தொங்குது. அதுக்கிட்டக் குடும், ஒட்டாம."

காதுமடலுக்குப் பின்னால், கருவிக்குச் சற்று மேலே போனைப் பிடித்தேன். விசில் இல்லை. வண்டி கிளம்பாமல் நின்றது.

"அண்ணே, இறங்கவா?"

"இறங்கு."

ஆள் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"இறங்கும்மா. வீட்டுக்கு வா."

பையோடு இறங்கினாள். முகத்தைப் பார்த்தோம். வீடு போய்ச் சேரும்வரை சண்டை போட்டோம். நன்றாகக் கேட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் போன் செய்தார்கள். இருபது நாள் பார்த்துப் பழகிவிட்டதாம், என்னிடம் கேட்காமல் இறங்க முடியவில்லையாம். ஒவ்வொருவருக்கும் இறங்கு என்றேன். பிறகு மற்ற வண்டிகளில் வந்தவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். நேற்று ஒரு கப்பலில் இருந்து கூப்பிட்டார்கள். சுற்றிலும் கடல், இறங்கலாமா என்றார்கள். ஆழம் கேட்டேன். முழங்கால் அளவு என்றார்கள். இறங்கச் சொன்னேன்.

விசில் இல்லாமல் போனில் பேசுகிறேனே, எந்த டாக்டர் சரிசெய்தார் என்று கேட்கிறார்கள். டாக்டர் இல்லை. கொய்யாக்காரி பாக்கியத்தாய்.