சந்தனம் காய்ந்த கணினி

1

இந்தக் கதை எனக்கு ஒரு கேள்வியாகத்தான் கிடைத்தது. லண்டனில் கணினிப் பாகங்கள் விற்கும் சந்தையொன்றில் ஒருவர் தமிழ்க் கடைக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பி, சந்தனம் பட்டா டிஸ்க் பழுதாப் போகுமோ?" கடைக்காரர் சிரித்தார். கேட்டவர் சிரிக்கவில்லை. அவருக்குக் குலசேகரம் என்று பெயர் வைத்தேன். மனோர் பார்க்கில் ஒரு வீடு கொடுத்தேன். ஆண்டு 1996.

2

குலசேகரம் சுவிட்சைப் போட்டார். கறுப்புத் திரையில் அவருடைய முகம்...

(வேண்டாம். திரையில் ஒன்றும் வரவில்லை என்று சொல்ல இத்தனை அலங்காரம் எதற்கு?)

நேரே சொல்கிறேன். அது அவர் பாகங்கள் வாங்கித் தானே பூட்டிய கணினி. மனைவி சிவனேஸ்வரியின் தங்கை வசந்தமலர், போன வருட யாழ்ப்பாண இடப்பெயர்வில், கொடிகாமத்தில், காய்ச்சலுக்கு மருந்தில்லாமல் செத்துப்போனாள். அதற்கு முன்பே தன்னை லண்டனுக்கு எடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தாள். "பாப்பம்" என்று சொல்லித் தள்ளிப்போட்டவள் சிவனேஸ்வரி.

ஆண்டு நிறைவில் வரும் ஆட்டைத் திவசத்துக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். செத்தவரின் வாழ்க்கையைச் சொல்லும் சிறு புத்தகம் அது. சிவனேஸ்வரி அழுதழுது சொன்னாள். குலசேகரம் தட்டச்சு செய்தார்.

"இனியொருக்காச் சொல்ல என்னால ஏலாது," என்றாள் முடிவில். பிறகு கேட்டாள்: "அவளின்ர கதை இப்ப எங்கயப்பா இருக்கு?"

அவர் கணினியின் மூடி போடாத பெட்டியைக் காட்டினார். "உதுக்குள்ளதான்."

[பிளாப்பியில் பிரதி எடுக்கவில்லையா என்பீர்கள். முதல் வரைவில் எடுக்க விட்டிருந்தேன். கதை அங்கேயே படுத்துவிட்டது. பிடுங்கிக்கொண்டேன்.]

3

சரஸ்வதி பூசையன்று குலசேகரத்துக்கு ஷிப்ட். புத்தகங்களுக்கெல்லாம் பொட்டு வைத்த சிவனேஸ்வரி கணினியையும் விடவில்லை. பெட்டிக்குள் கைவிட்டு, கரைத்த சந்தனத்தை எட்டிய இடமெல்லாம் பூசினாள். தங்கைக்கென்று அவளால் வேறு என்னதான் செய்ய முடியும்?

மறுநாள் சுவிட்சைப் போட்டதும் கருகல் மணம் வந்தது. குலசேகரம் மெமரியைக் கழற்றிப் பூட்டினார். கேபிள்களை மாற்றினார். கடைசியில், தட்டச்சு செய்ததெல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்கைத் திருப்பினார். அடியில் சந்தனம் காய்ந்திருந்தது. ஒரு சிப் வெந்து போயிருந்தது.

4

முடிவு அ: கணினி ஓடுகிறது. (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு ஆ: பவர் சப்ளை பழுது என்று பொய் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் நினைவிலிருந்து அவரே திரும்ப எழுதுகிறார். (வசந்தமலரின் சைக்கிளுக்கு என்ன நிறம்? அவர் மாற்றி எழுதிவிடுவார். சிவனேஸ்வரி கண்டுபிடித்துவிடுவாள்.)

முடிவு இ: குலசேகரம் மெதுவாக...

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சிவனேஸ்வரி தேத்தண்ணியோடு வந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை. குலசேகரம் பழைய பல் பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மறைக்க நேரமில்லை. அவள் பிரஷ்ஷைப் பார்த்தாள், டிஸ்கைப் பார்த்தாள்.

"அப்ப, ரெண்டாந்தரமும் நான்தானோ அவளை..."

இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். அவளும் முடிக்காமலிருக்க வேண்டுமென்றால் குலசேகரம் இப்போதே ஏதாவது சொல்லியாக வேண்டும். அவர் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். நீங்கள்தான் சொல்லுங்கள், அவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள்.