பிரசங்கத்துக்கு ஒரு வாக்கியம்

மறுநாள் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அதற்கு அப்பாவைக் கூப்பிட மகள் அவருடைய ஆபீசுக்கே வந்திருந்தாள். வீட்டிலேயே சொல்லலாம்தான். ஆனால் வீட்டில் அவர் வாயைத் திறந்தால் மூட ஆள் கிடையாது. ஆபீசிலாவது வேலை இருக்குமே என்று ஒரு நப்பாசை.

தமிழ்ப் பேச்சில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி போடுகிற இடம் அது. அப்பாதான் தலைமை ஆசிரியர். அவள் கெட்ட நேரம், அன்றைக்கு அவர் கையில் அகப்பட்டிருந்த சொல் ‘ப்ரீச்’.

“வாம்மா. ப்ரீச்னா என்ன, சொல்லு.”

“பிரசங்கம் பண்றது. அப்பா, ஒரு விஷயம்...”

“பாதிதான் சொன்ன. கோயில்ல, சபையில பண்ணினா பிரசங்கம். அதையே வீட்டுல, கேக்காதவங்ககிட்ட, தான் மட்டும் யோக்கியன்ங்கற மாதிரி பண்ணினா? அங்க மரியாதை போயிடும். அது வெறும் தொணதொணப்பு. அந்த மாதிரி ஆளுங்களக் கண்டாலே எனக்கு ஆகாது.”

அங்கிருந்து இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பொறுமைக்குத் தாவினார். அப்புறம் அவள் விட்ட வேலை, அவள் தலைமுடி. பக்கத்து மேசையில் பிழை திருத்துபவர் காதில் பஞ்சு வைத்திருந்தார். காது வலி என்பார். அந்த ஆபீசில் எல்லோருக்கும் அந்த வலி உண்டு.

அங்கே ஒரு சட்டம். எடுத்துக்காட்டு வாக்கியத்தை யாரும் சொந்தமாகச் சமைக்கக் கூடாது. நிஜமாக ஒருவர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். சொன்னவர் ஆணா பெண்ணா, வயது என்ன, மணமானவரா என்பதும் அந்தச் சொல்லுக்கான சீட்டில் ஏற வேண்டும். ப்ரீச்சுக்கு இன்னும் ஒன்றும் மாட்டவில்லை என்று அவர் புலம்பிக்கொண்டே போக, மகளுக்குப் பொறுமை போய்விட்டது.

“பொறந்ததுலேர்ந்து எனக்கு ப்ரீச்தான் பண்றீங்கப்பா. ஒரு தடவகூட நான் சொல்ல வந்தத கேட்டதில்ல.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. “இத அப்படியே இன்னொரு தரம் சொல்லு. மெதுவா.”

சொன்னாள். வேறென்ன செய்வது? இந்தத் தடவை குரல் உடைந்தது. அவர் யோசித்தது காற்புள்ளி வைக்கலாமா என்று.

“ஊரெல்லாம் தேடினேன், வீட்டுலயே இருந்திருக்கு. சரி, சொன்னவர்... பெண். வயசு முப்பத்தொண்ணு. மணமாகாதவர்.”

“அச்சுக்கு எப்பப்பா போகுது?”

“அடுத்த வாரம்.”

“அப்ப அந்த ‘மணமாகாதவர’ மாத்திடுங்க. நாளைக்கு எனக்குக் கல்யாணம். உங்களக் கூப்பிடத்தான் வந்தேன்.”

பிழை திருத்துபவர் பஞ்சை எடுத்துவிட்டார்.

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குச் சொல் கிடைக்காமல் போனதை அவள் அன்றுதான் பார்த்தாள். எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும், மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம் என்று காத்து நின்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கல்யாணம்ங்கறது இருக்கே,” என்று ஆரம்பித்தார், “அது என்னன்னா...”

அவள் கதவைத் தாண்டிப் போனது அவருக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு பேசினால்தான் அவருக்குக் கருத்து வரும்.